பின்வாசலில் வாடகை

பால் பொங்கி வழிந்து ஸ்டவ் சீறி அணைந்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பதே பாஞ்சாலைக்கு உறைத்தது. முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். தீய்ந்த வாடை அதற்குள் கூடத்துக்குப் போயிருந்தது. பிரம்பு நாற்காலி முனகியது. "இன்னா பாஞ்சாலை, இன்னைக்கும் அடுப்பு குடிச்சிட்டு மிச்சம்தான் எனக்கா?" என்று எஸ்தரம்மா கேட்டாள். வெள்ளைக்காரக் குரல், பேச்சு மட்டும் பாஞ்சாலையின் பேச்சு. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த அம்மா தமிழைப் பாஞ்சாலையின் வாயிலிருந்துதான் எடுத்துக்கொண்டாள். ஆசிரமத்துக்கு வந்துபோகும் படித்தவர்கள், அவள் 'இன்னா' என்றும் 'வூடு' என்றும் பேசுவதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். எஸ்தரம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"தோ எடுத்தாறேம்மா."

காப்பியை ஆற்றும்போது, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். நேற்றும் இப்படித்தான் நினைத்தாள். சொல்ல வேண்டியது ஒரே பேச்சு. எவ்வளவு மரியாதையில் சுற்றிக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது, வீட்டைக் காலி செய்துகொடுங்கள் என்பதுதான். டம்ளரைக் கொடுத்தாள். மழையைப் பார்த்தாள். "கார்த்திகை தீபத்துக்குள்ள மழை வுட்டுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டின் பின்சுவர் இந்த ஐப்பசி மழையில் ஊறி, ஒரு விடியற்காலையில் யாரோ அசதியில் உட்காருவதைப்போல மெதுவாக உட்கார்ந்துவிட்டது. சுவரோடு பாதிக் கூரையும் போயிற்று. புருஷன் முருகையன், மகன் தசரதன், மாசமாக இருக்கும் மருமகள் வள்ளி, அவள் என்று நான்கு பேரும் முருகையனுடைய அண்ணனின் மாட்டுக் கொட்டாயில் இருந்தார்கள். மாடுகளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கயிற்றில் பழைய புடவை தொங்கியது. ஓரகத்தி ரேணுகாம்பாள் சாணி அள்ள வரும்போதெல்லாம் அந்தப் புடவையை ஒதுக்கிவிட்டு, பாஞ்சாலையைப் பார்த்து, பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் யாரிடமோ சொல்வதுபோல, "செங்கம் ரோட்டுல பங்களா. பங்களாக்காரம்மா இங்க வந்து எங்க மாட்டோட படுத்துக்கினு கீறாங்க. பெரிய எடத்து மனுசங்களுக்கு இப்டியெல்லாம் ஆசை வரும் போல" என்பாள். பாஞ்சாலை பதில் பேசமாட்டாள். பேசினால் அழுகை வரும் என்பதல்ல. அந்தப் பேச்சில் பொய் எதுவும் இல்லை என்பதுதான்.

எஸ்தரம்மா குடியிருந்த செங்கம் ரோட்டு வீடு பாஞ்சாலையின் பேரில் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தைந்தில், எஸ்தரம்மா இந்த இடத்தை வாங்கப் போனபோது வக்கீல் கையை விரித்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் நிலம் வாங்க ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டும், புதுச் சட்டம், வருஷக் கணக்கில் இழுக்கும், நம்பிக்கையான ஆள் யார் பேரிலாவது முடித்துவிடுங்கள் என்றார். எஸ்தரம்மா யோசிக்கவே இல்லை. வராந்தாவில் குடையை மடித்துக்கொண்டு நின்ற பாஞ்சாலையைக் கையால் காட்டினாள். பதிவு ஆபீஸில் கட்டைவிரலில் மையைத் தடவி உருட்டியபோது, பாஞ்சாலைக்கு அது ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பதைப் போலத்தான் இருந்தது. வெளியே வந்ததும் எஸ்தரம்மா அவள் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இனி நீங்கதான் எனக்கு ஜமீன்தார்" என்றாள். முதன்முதலாக 'நீங்க' என்றாள். பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த விளையாட்டின் வேர் எஸ்தரம்மாவின் ஊரில் இருந்தது. அயர்லாந்து என்று ஒரு தீவு. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் அங்கே ரிச்சர்ட் டாரன்ட் என்று ஒரு துரை. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க அவனுடையது. கல்லில் பெரிய மாளிகை கட்டினான். கட்டி முடித்துக் கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தால், தூரத்தில் குடியானவர்களின் கூரைகள் தெரிந்தன. பார்வைக்கு அழகாக இல்லை என்று அந்த ஊரையே பிரித்துக் குன்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினான். துவரையில் கல் பொறுக்கிக்கொண்டே எஸ்தரம்மா இந்தக் கதையைச் சொன்ன நாளில் பாஞ்சாலை, "அப்ப உங்க தாத்தனுக்கு தாத்தன் எங்க ஊரு ஜாகீர்தாரு மாதிரி" என்றாள். "ஆமா. ஆனா ஜாஸ்தி கெட்டவன். படத்துல மட்டும் நல்லா சிரிப்பான்." அவனுடைய பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக அந்தப் பள்ளத்தாக்கைத் தின்றார்கள். குதிரைக்கு ஒருவன், சீட்டாட்டத்துக்கு ஒருவன், வழக்குக்கு ஒருவன். எஸ்தரம்மாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது ஊர்க்காரர்கள் வந்து மாளிகையைக் கொளுத்தினார்கள். யார் கொளுத்தியது என்று பாஞ்சாலை கேட்டாள். "எங்க தோட்டக்காரர் மவன். எனக்கு ஆப்பிள் பறிச்சுக் குடுப்பான். அன்னைக்கும் என்னை 'மிஸ்'னுதான் கூப்பிட்டான். 'மிஸ், கோட்டு போட்டுக்கினு வெளிய வாங்க, குளிருது'ன்னான்." இதைச் சொல்லும்போது எஸ்தரம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. ஒரு விசேஷ வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வம்சத்தில் மிச்சம் இருந்தது அவளும், கனடாவில் இருக்கும் அவள் தம்பி மகன் ஒருவனும்தான். அந்த மாளிகையில் வருஷத்துக்கு இரண்டு தடவை குடியானவர்கள் வந்து பின்வாசலில் நின்று குத்தகை கட்டுவார்களாம். ஆகவே வைகாசியில் ஒரு தடவையும் ஐப்பசியில் ஒரு தடவையும் எஸ்தரம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் நிற்பாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் ஒரு ரூபாய் நாணயம். பாஞ்சாலை சமையலறைக்குள் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். "வாடகை கொண்ணாந்திருக்கேங்க." அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 'நீங்க'. வாங்கியதும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதன் பிறகு மறுபடியும் 'இன்னா பாஞ்சாலை'தான்.

பைத்தியக்கார வெள்ளைக்காரியின் விளையாட்டு என்றுதான் பாஞ்சாலை வீட்டில் போய்ச் சொல்வாள். ஆனால் தாம்பாளத்தை வாங்கும் கணத்தில் தனக்குள் என்ன நடக்கிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதுகெலும்பு ஒரு விரற்கடை நிமிர்ந்துகொள்ளும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் கைக்கு எதுவும் அப்படி வந்ததில்லை, எல்லாம் யாரோ வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டதுதான். விளையாட்டுக்காகவே என்றாலும் ஒருத்தி படிக்குக் கீழே நிற்கிறாள், தான் மேலே நிற்கிறோம். அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே அவளுக்குக் கூச்சமாகவும் இருக்கும்.

தசரதன் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுனில் டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கிறவன். நாலு பேரிடம் சட்டம் கேட்டு வைத்திருந்தான். "பத்திரம் உன் பேர்ல. வருசா வருசம் வாடகை வேற வாங்கற. நாங்க மாட்டு மூத்தரத்துல படுத்துக்கினு கீறோம். நல்லாருக்குது எம்மா உன் நாயம்."

"எல்லாருமா போயி இருக்கலாம்டா. ஒரு ரூம்ல அந்தம்மா இருக்கட்டும். கேட்டா வேணாம்னு சொல்லவே மாட்டாங்க."

"அதான். சொல்ல மாட்டாங்க. 'வாப்பா தசரதா, இரு'ம்பாங்க. அப்ப அது யார் வூடு? அவங்க இருக்கற வரைக்கும் நாம அங்க வேலைக்காரங்கதான். நாஞ் சின்னப் புள்ளையில அந்த நாற்காலியில உக்காந்து எந்திரிச்சேன். அவங்க துணி எடுத்துத் தொடச்சாங்க. நீ பாத்துக்கினுதான இருந்த."

"உன் சொக்காயெல்லாம் சேறுடா."

"சேறுதான். நான் போனப்புறம் தொடச்சிருக்கலாம்ல."

வெள்ளிக்கிழமை ராவுகாலம் கழித்து வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டான். அதற்குள் நீ சொல்லிவிடு, இல்லை என்றால் நான் வந்து சொல்கிறேன் என்றான். முருகையன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "வூடு உன் பேர்ல கீது, பாஞ்சாலை. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றான். அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் மகன்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து எந்த நிலத்தில் எதைப் போடுவது, எந்த மாட்டை விற்பது, பையனை எந்த வகுப்போடு நிறுத்துவது, எதையும் அவளைக் கேட்டதில்லை. கேட்க வேண்டாத இந்த ஒன்றைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தான்.

புதன்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. பாஞ்சாலை அம்மியில் மிளகு வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பின்வாசல் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தாள். எஸ்தரம்மா படிக்குக் கீழே, வெள்ளைப் புடவையின் கரை ஈரத்தில் நனைய, தாம்பாளத்தோடு நின்றாள். எழுபத்து நாலு வயது.

"வாடகை கொண்ணாந்திருக்கேங்க."

ஐப்பசி வாடகை. பாஞ்சாலைக்கு அது மறந்தே போயிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். கையை நீட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு இதை எப்படி வாங்குவது? வெற்றிலை பாக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் வாங்கிய கையால் துரோகம் செய்வதா? அதைவிடக் கொடுக்கிறவளை வெறுங்கையோடு அனுப்புவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. எதையுமே வாங்காமல் இருந்தால் பாவத்தில் கொஞ்சமாவது குறையும் என்று கணக்குப் போட்டாள்.

"இந்த வாட்டி வேணாம்மா. நீங்களே வெச்சிக்கோங்க."

நல்லவிதமாகத்தான் சொன்னாள். அன்போடுகூடச் சொன்னாள் என்றுதான் அவள் நினைத்தாள். எஸ்தரம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆள் எழுந்து போய்விட்டதுபோல இருந்தது. "வேணாமா?" என்றாள். "வேணாம்மா. இன்னா இப்ப, நமக்குள்ள." எஸ்தரம்மா தலையை ஆட்டினாள். குனிந்து தாம்பாளத்தைப் படியில் வைத்தாள். வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் வரை தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலி போல என்று நினைத்துக்கொண்டு பாஞ்சாலை கஞ்சியை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வந்தபோது கூடத்துச் சுவரில் சதுரம் சதுரமாக வெளுப்புத் தெரிந்தது. படங்களைக் காணோம். நடுக்கூடத்தில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. எஸ்தரம்மா தரையில் உட்கார்ந்து, கோப்பைகளைப் பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்த அவள் செருப்பில் புதுச் சேறு. பின்வாசல் படியில் தாம்பாளம் அப்படியே இருந்தது. வெற்றிலை சுருண்டிருந்தது, பழத்தில் எறும்பு.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"சாமான் கட்றேன்."

"எங்க போறீங்க?"

"இன்னும் தெரியல. ஆசிரமத்துல தீபம் முடியற வரைக்கும் எடம் இல்லன்னுட்டாங்க. காலையில போயிக் கேட்டேன்." ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கு எத்தினி நாளுங்க?"

விளையாட்டு நேற்றோடு முடியவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பது பாஞ்சாலைக்கு அந்த 'ங்க'வில்தான் தெரிந்தது. "இன்னா பேசறீங்க, யாரு போவச் சொன்னாங்க உங்கள?"

"நீங்கதான். நேத்து வாங்கலியே."

பிறகு எஸ்தரம்மா, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அது பாஞ்சாலைக்கு இன்னும் பயமாக இருந்தது. "எங்க தாத்தா குத்தகை நாள்ல மேசைக்குப் பின்னால உக்காருவாராம். எங்க அப்பா சின்னப் பையனா கதவாண்ட நின்னு பாப்பாராம். ஒவ்வொருத்தனா வருவான். தாத்தா வாங்கிப்பாரு. வாங்கிட்டா, அடுத்த குத்தகை வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம். யாரை வெளிய அனுப்பணும்னு மனசுல வெச்சிருக்காரோ, அவன் வந்தா வாங்க மாட்டாரு. திட்ட மாட்டாரு. நல்லவிதமா, 'நீயே வெச்சிக்கோ'ன்னுவாரு. அவ்ளோதான். அவன் அதக் கையில வெச்சிக்கினே வூட்டுக்கு நடப்பான். தூரத்துலயே அவன் கையைப் பாத்து பொண்டாட்டி பாத்திரத்தயெல்லாம் எடுத்துக் கட்ட ஆரம்பிச்சிடுவாளாம்."

ஐயோ அம்மா, அப்படி இல்லை, எனக்கு அது எப்படித் தெரியும், வாங்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். இந்த வார்த்தைகள் எல்லாம் பாஞ்சாலையின் தொண்டைக்குள் வரிசையாக வந்து நின்றன. சொன்னால் போதும், எஸ்தரம்மா சிரித்துவிட்டுப் படங்களை மறுபடி மாட்டிவிடுவாள். சொன்னால் அது உண்மையும்கூட. ஆனால் நாளைக்கு வண்டி வரும். எந்தப் பேச்சை ஒரு வாரமாக வாயில் வைத்துக்கொண்டு திரிந்தாளோ, அதை அவள் பேசாமலே, அந்த அம்மாவின் தாத்தா எங்கிருந்தோ வந்து பேசி முடித்துவிட்டார். தன் தோள்களிலிருந்து ஒரு சுமை இறங்குவதைப் பாஞ்சாலை உணர்ந்தாள். அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வைத் தன் உடம்புக்குள் கண்டுபிடித்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இத்தனை வருஷம் உப்புப் போட்டுச் சோறு ஆக்கிக் கொடுத்த கையும், இந்த அப்பாடாவும் ஒரே உடம்பில்தான் இருந்திருக்கின்றன. சும்மா நின்றாள். நிற்க நிற்க அது பதிலாக மாறிக்கொண்டு வந்தது.

"யார் வராங்க? தசரதனா?"

"செவுரு வுழுந்துட்சும்மா. மாட்டுக் கொட்டாயில கெடக்கறோம். வள்ளிக்குத் தை மாசம்."

"செவுரு எப்ப வுழுந்துச்சி?"

"போன வாரத்துக்கு முந்தி."

எஸ்தரம்மாவின் கையில் இருந்த பேப்பர் கசங்கியது. "இத்தினி நாளா என்கிட்ட சொல்லல. ஏன்?"

"சொன்னா வாங்க, வந்து இருங்கம்பீங்க."

"ஆமா. சொல்லுவேன்."

"அதான்."

அந்த அம்மா அவளைப் பார்த்தாள். நீலக் கண்கள், ஓரம் சிவந்திருந்தன. "வாங்கறவங்களுக்கு அது வலிக்கும்னு எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா நீ" என்றாள். குரல் முதன்முறையாக உடைந்திருந்தது. அதில் கோபம் இருந்தது. பாஞ்சாலைக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்று இருந்தது. ஆனால் எஸ்தரம்மா குனிந்து அடுத்த கோப்பையை எடுத்தாள்.

"உங்க ஊருக்குப் போவலாம்லம்மா?"

"எந்த ஊரு?" என்றாள் அவள், நிமிராமல்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தபோது மறுபடியும் தூறிக்கொண்டிருந்தது. பாஞ்சாலை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஸ்தரம்மா காலையிலேயே வெளியே வந்துவிட்டாள். வராந்தாவின் ஓரத்தில் தகரப் பெட்டிமேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடை. ஜட்கா சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை, ஆனால் யாரும் வந்து வெளியே போ என்று சொல்வதற்கு முன்னால் தானே வெளியே இருக்க வேண்டும் என்றாள். கூடத்தை அவளே பெருக்கித் துடைத்திருந்தாள். வேண்டாம் என்று பாஞ்சாலை சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

முருகையன் மாட்டை அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்க்கிற வேலையில் இத்தனை நுணுக்கம் இருப்பது இத்தனை நாளாக யாருக்கும் தெரியாதுபோல, ஒவ்வொரு முடிச்சையும் நின்று நின்று அவிழ்த்தான். வண்டியில் பாத்திரங்களுக்கும் நெல் மூட்டைக்கும் நடுவே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தாள். தசரதன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தான். சண்டைக்கோ, அழுகைக்கோ, கெஞ்சலுக்கோ தயாராக வந்த நடை அது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அந்த நடை தடுமாறியது.

"தசரதா, செருப்ப அங்க வுடுப்பா. கூடம் தொடச்சிருக்குது" என்றாள் எஸ்தரம்மா.

அவன் கழற்றினான். யோசிக்காமலே கழற்றினான். இரண்டாவது செருப்பையும் கழற்றி, ஈரப் படியில் வெறுங்காலை வைத்த பிறகுதான் தான் செய்ததை அவன் கவனித்தான். பாஞ்சாலை அவன் கழுத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்தாள். மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படியாக, மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டு, படியில் ஒரு காலும் கூடத்தின் வாசலில் ஒரு காலுமாக நின்றான். உள்ளே போகவில்லை. எஸ்தரம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய காது மட்டும் அந்தச் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

"அத்த, எறங்கட்டுமா?" என்று வண்டியிலிருந்து வள்ளி கேட்டாள். புருஷனைப் பார்த்துக் கேட்கவில்லை. எஸ்தரம்மாவைப் பார்த்தும் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன். இரண்டு பேருக்கும் அவள் கட்டைவிரல் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு அது அவளுடைய தாத்தாக்களின் கணக்கைத் தீர்த்துக்கொள்ள. இன்னொருவனுக்குத் துடைக்கப்பட்ட ஒரு நாற்காலியின் கணக்கைத் தீர்த்துக்கொள்ள. அந்த விரல் ஒட்டியிருந்த உடம்புக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்டுக்கொண்டதில்லை.

"எறங்கு வள்ளி. பாத்து எறங்கு. கூடத்துல போயி காலை நீட்டிப் படு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பெரிதாகவும் இல்லை, நடுங்கவும் இல்லை. "எஸ்தரம்மா, பொட்டிய எடுத்துக்கினு உங்க ரூமுக்குப் போங்க. நாற்காலியையும் உள்ள போட்டுக்கோங்க. கூடம் எங்களுக்கு வேணும். அடுப்புல இனிமே எங்க சமையல் ஆவும். கருவாடும் ஆவும். மூக்கப் பொத்திக்கணும்னா கதவச் சாத்திக்கோங்க. தசரதா, செருப்ப வெளிய வுடு. அவங்க சொன்னதுக்கு இல்ல. நான் சொல்றேன்."

"எம்மா, இன்னா நீ..."

"என் வூடு. இஷ்டம் இருந்தா இருங்க, யாரா இருந்தாலும்."

முருகையன் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். தசரதன் தன் அம்மாவை, தெரு முனையில் எதிர்ப்பட்ட புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எஸ்தரம்மா பெட்டிமேல் கையை ஊன்றினாள். எழுந்திருக்கப் போகிறாளா, இன்னும் அழுத்தி உட்காரப் போகிறாளா என்று தெரியவில்லை.

"இது வாடகைக்கு நீங்க குடுக்கற எடமா பாஞ்சாலை, இல்ல தர்மமா?"

"தெரியலம்மா" என்றாள் பாஞ்சாலை. அது நிஜம்.

வள்ளி ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, இறங்காமல், சாக்கின் அடியிலிருந்து எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முருகையன் கயிற்றை நழுவ விட்டிருக்க வேண்டும். வலத்து மாடு தானாக இரண்டு எட்டு நடந்து, சுவரோரம் இருந்த செம்பருத்திச் செடிக்குப் போய், நாக்கை நீட்டி ஒரு கிளையை வளைத்தது. எஸ்தரம்மா தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. அவளுடைய கை குடைப்பிடி வரை போய் நின்றது. தசரதன் ஒரு அடி எடுத்து வைத்தவன், வைத்த இடத்திலேயே நின்றான். யார் முதலில் அதட்டுவது என்று இரண்டு பேரும் பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடு அவசரப்படவில்லை. இலையை மென்று முடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. வாயோரத்தில் ஒரு சிவப்புப் பூ காம்போடு தொங்க, முதுகிலிருந்து மழைநீர் வழிய, அதுவும் அவளைத்தான் பார்த்தது.